எல்லாச் சீட்டிலும் ஜெபக்கனி

சிப்பிக்குடிப் பேரூராட்சியில் எந்தச் சீட்டை எடுத்தாலும் ஜெபக்கனியின் பெயரே வரத் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால், மேல் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு வீட்டு மனைகளைச் சிப்பிக்குடியார் 'ஆர்பிட்ரரிலி' ஒதுக்கிவிட்டார்கள், ஆகவே அந்த ஒதுக்கீடு ரத்து என்று அதில் எழுதியிருந்தது. செயல் அலுவலர் பூதலிங்கத்துக்குக் கடிதத்தின் மற்ற வார்த்தைகள் எல்லாம் தினமும் கைகுலுக்கிப் பழகியவை. இந்த ஒன்று மட்டும் முகம் தெரியாத ஆளாக நின்றது. ரத்து என்று இருப்பதால் திட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். எவ்வளவு பெரிய திட்டு என்பதுதான் பிடிபடவில்லை.

டைப்பிஸ்ட் ஜெபக்கனியைக் கூப்பிட்டார். நாற்பத்து நான்கு வயது, பி.ஏ. ஆங்கிலம், இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோரத்து மேசை. அந்த ஆபீசுக்குள் நுழைகிற ஆங்கிலம் எல்லாம் அவள் வழியாகத்தான் தமிழாகும், வெளியே போகிற தமிழெல்லாம் அவள் வழியாகத்தான் ஆங்கிலமாகும். அவள் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காரணம் எதுவும் இல்லாமல், முறை எதையும் பார்க்காமல், மனம்போன போக்கில் ஒன்றை எடுத்து ஒன்றை விடுவது, குருட்டாம்போக்கில் என்று சொல்லலாம் சார் என்றாள். உதாரணம் கேட்டார். சத்தம் போட்டவன் எவன் என்று பார்க்காமல் கைக்கு எட்டிய பிள்ளையை வாத்தியார் அடிப்பது என்று ஒன்று சொன்னாள். எல்லாத் தெருவையும் விட்டுவிட்டு ஒரு தெருவில் மட்டும் விளக்கைப் பிடுங்குவது என்று இன்னொன்று சொன்னாள். மூன்றாவது உதாரணம் ஒன்று அவளிடம் இருந்தது, அதை அவள் சொல்லவில்லை. அவளைப் பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள், வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டார்கள், கைகழுவிவிட்டுப் போனார்கள், ஏழு வீட்டிலிருந்தும் 'ஒத்து வராது' என்று ஒரே பதில் வந்தது. எது ஒத்து வராது என்று அவள் அப்பா ஒரு வீட்டிலும் கேட்கவில்லை, கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார். அப்பாவும் போய், அம்மாவும் போய், பள்ளிக்கூடத் தெருவில் இரண்டு அறை வாடகை வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கத் தொடங்கி ஒன்பது வருடமாகியும், அந்தக் கேள்வி மட்டும் அவளோடு குடியிருந்தது.

பூதலிங்கம் உதாரணங்களைக் கேட்டுத் தலையாட்டினார். அப்படியானால் இனி நாமாக யாரையும் தேர்ந்தெடுக்கவே கூடாது, எல்லாவற்றுக்கும் குலுக்கல் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்.

"சார், குலுக்கல்லயும் காரணம் கிடையாதே. அதுவும் இதேதான்" என்றாள் ஜெபக்கனி.

"அதுல நம்ம கை இல்லைலா? யாரும் நம்மளக் கேக்க முடியாது" என்றார் அவர்.

அகராதிக்காரர்கள் இந்த விளக்கத்தைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, சிப்பிக்குடிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சொல்லும் பிடித்தது, மருந்தும் பிடித்தது. டீயில் சீனி குறைந்தால் ஆர்பிட்ரரிலி, பஸ் நிற்காமல் போனால் ஆர்பிட்ரரிலி, மருமகள் மீன் குழம்பில் புளியைக் கூட்டிவிட்டால் அதுவும் ஆர்பிட்ரரிலி என்று வாய்க்கு வாய் புழங்கியது. இந்தப் பழி வராமல் தப்ப வேண்டுமென்றால், கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை யாருக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைமை யார், ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக் குக்கரை எந்த வாடிக்கையாளருக்குக் கொடுப்பது என்று எதுவானாலும் ஒரு காலிப் பெயிண்ட் வாளியும் கொஞ்சம் காகிதமும் போதும் என்று ஊர் கண்டுகொண்டது.

முதல் குலுக்கல் அந்த மனைகளுக்கு. எண்பத்து மூன்று பேர் அவரவர் பெயரை அவரவர் பேனாவால் எழுதி மடித்து வாளியில் போட்டார்கள். பூதலிங்கம் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்க, சுகாதார ஆய்வாளர் பிரித்து 'ஜெபக்கனி' என்று வாசித்தார். ஜெபக்கனி மனை கேட்டிருக்கவில்லை. யாரோ விளையாடிவிட்டார்கள் என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள், அதுவும் ஜெபக்கனி. வாளியைக் கவிழ்த்து எண்பத்து மூன்றையும் பிரித்துப் பார்த்தார்கள். பச்சை மையில் எழுதியவன் எழுத்து பச்சையாகவே இருந்தது, கை நடுங்கி எழுதிய கிழவரின் எழுத்து நடுங்கியபடியே இருந்தது, எழுத்துக்கூட்டி எழுதிய மீன்காரியின் எழுத்து முட்டிமோதிக்கொண்டுதான் நின்றது. பெயர் மட்டும் எல்லாவற்றிலும் ஜெபக்கனியாக இருந்தது. வெயில் ஏறுகிறது என்று கூட்டம் கலைந்தது. ஒரு மனையை ஜெபக்கனி பெயருக்கு எழுதிவிட்டு, பதினொன்றை ஒத்திவைத்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஜெபக்கனி அந்தப் பச்சை மைச் சீட்டைக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு, அதை மறைப்பானேன். ஏழு பேர் தள்ளிவிட்டுப் போனவளை ஏதோ ஒன்று எண்பத்து மூன்று தடவை விடாமல் கூப்பிட்டிருக்கிறது. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு சீட்டை எதிரில் வைத்துச் சாப்பிட்டாள். பாதிச் சோற்றில்தான், என்னைக் கூப்பிட்டது எதுவோ அதற்கு என்னைத் தெரியுமா என்ற எண்ணம் வந்தது. தெரியாது. கறுப்பா சிவப்பா, கோபக்காரியா சாதுவா, எதுவும் தெரியாமல் கூப்பிட்டிருக்கிறது. வேண்டாம் என்றவர்களும் தெரிந்து சொல்லவில்லை, வேண்டும் என்பதும் தெரிந்து சொல்லவில்லை. மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. ஊர்கள் எதற்குத்தான் பழகாது? கோயில் கொடையில் முதல் மரியாதைத் தேங்காயும் வாழைக்குலையும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான ஜெபக்கனிக்கு வந்தன. பூசாரி முணுமுணுக்காமல் கொடுத்தார், அவளும் கைகூப்பி வாங்கிக்கொண்டு வாழைக்குலையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, செல்போன் கடை என்று பதினாறு குக்கர் சேர்ந்தது. ஒருத்திக்கு எத்தனை குக்கர் வேண்டும்? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள், கேட்டவர்கள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு அப்படியே போனார்கள். ஆண்டு விழா மேடையில் உட்கார்ந்தாள், கபடிக் கோப்பையைக் கொடுத்தாள், ஓட்டப் பந்தயத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தாள். கூட்டம் முடிந்ததும் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தனியாக நடந்து வீட்டுக்கு வந்தாள்.

புது வருடம் பிறந்த அன்று காலை ஆராதனையில், வழக்கம்போலத் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதில் அச்சடித்திருக்கிற வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குத் தருகிற வாக்கு, அதை வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒட்டிவைப்பார்கள். முன்னூறு அட்டையிலும் ரோஜாப்பூ ஓரத்துக்கு நடுவில் அழகான அச்சில் 'ஜெபக்கனி' என்று இருந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு ஆண்டவர் சித்தம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். ஜெபக்கனியும் தன் பங்குக்கு ஒன்று எடுத்தாள். அதில் ரோஜாப்பூ ஓரம் மட்டும் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. அந்த வருடம் முழுக்க அவள் தெருவில் நடந்தால் வலப்பக்கமும் இடப்பக்கமும் நிலைக்கு நிலை அவள் பெயர்தான். எந்த வீட்டிலிருந்தும் உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்று யாரும் கூப்பிடவில்லை. பெயர் வாசலில் இருக்கும்போது ஆள் எதற்கு என்று இருந்துவிட்டார்களோ என்னவோ.

பொறாமை மெதுவாக வந்தது, புத்தி அதற்குப் பின்னால் வந்தது. எல்லாம் அவளுக்கே போகிறதே என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிய சில நாளில், ஊர் யாரும் சொல்லாமலேயே ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டது. நல்லதை எல்லாம் மூப்பு பார்த்து, முறை பார்த்து, உட்கார்ந்து பேசிக் கொடுத்தார்கள். மற்றதற்கு மட்டும் வாளியை எடுத்தார்கள். ஒத்திவைத்த பதினொரு மனையும் அப்படித்தான் பேசித் தீர்ந்தது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஆளில்லாத சடலத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார் என்று வந்தால் வாளி. மதம் பிடித்த மாதிரி திரிகிற காளையின் சொந்தக்காரனுக்கு நோட்டீசு கொடுக்கப் போவது யார் என்று வந்தால் வாளி. யாரும் அவளைக் கைகாட்டவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்தார்கள், எடுத்துவிட்டு வருத்தமும் பட்டார்கள். சீட்டுல உம்பேரு வந்திருச்சே, நாங்க என்ன செய்ய என்று கேட்டார்கள், கேட்கும்போது அவர்கள் முகத்தில் துளிக் களங்கமும் இல்லை.

ஆடி மாதம் கடலுக்குப் போன தோணிக்காரர் ஒருவர் திரும்பவில்லை, உடம்பு மட்டும் அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கியது. வீட்டில் போய்ச் சொல்வது யார் என்று கரையிலேயே வாளி வைத்துக் குலுக்கினார்கள். ஜெபக்கனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்துபோனாள். தோணிக்காரரின் மனைவி குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனியைப் பார்த்ததும் சீப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டு விழுந்தாலொழிய ஜெபக்கனி யார் வீட்டுக்கும் வரமாட்டாள் என்பது ஊர் முழுக்கத் தெரியுமே. அதற்குப் பிறகு, அவள் தெருவில் வருவதைத் தூரத்தில் கண்டதும், தன் பெயர் ஒட்டியிருந்த வாசல்களின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வதை அவள் பார்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மேல் அலுவலகத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. சிப்பிக்குடிக்குப் பதினொரு பணியாளர்கள் அதிகம், பத்துப் பேர் போதும், ஒருவரை மலைமேல் இருக்கிற ஒரு பேரூராட்சிக்கு அனுப்ப வேண்டும், எந்த வேலை பார்ப்பவராக இருந்தாலும் சரி, இனித் திரும்ப மாற்றம் கிடையாது என்று அதில் இருந்தது. பஸ்ஸில் போனால் பதினாறு மணி நேரம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குலுக்கல் என்று பூதலிங்கம் பலகையில் எழுதிப் போட்டார். எழுதும்போது ஜெபக்கனி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அகராதியை அவள் புதன்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம், பதினைந்து வருடமாக அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவள் வைத்த தக்காளி ஊறுகாயில் பாதியைத் தின்ற கிளார்க் வேலம்மாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே, ஜன்னலோரத்து மேசையை என் பேருக்கு எழுதி வாங்கிரட்டுமா ஜெபா, நீ போன பிறகு அதுக்குச் சண்டை வரும் என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள். ஜெபக்கனி சரி என்றாள். மலைக்குப் போவதில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. அங்கேயும் ஒரு ஆளுக்குத்தான் உலை வைக்கப்போகிறாள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், இவள் இங்கே இருக்கட்டும் என்று சொல்லி, அது ஏன் என்றும் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு சீட்டு விழுந்தால் விழட்டும், போய்விடலாம். சொல்லாமல் அனுப்பிவிட்டால்தான் இந்த ஊரில் நாற்பத்தைந்து வருடம் இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் அவரவர் பெயரை எழுதிப் போட்டார்கள். பூதலிங்கம் துண்டைக் கட்டிக்கொண்டு வாளிக்குள் கையை விட்டார். அப்போது ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்க்காரர் நயினார் வாசலில் நின்ற இடத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தார். ஐம்பது வயதுக்காரர், மனைவி இறந்து தனி ஆள், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிற அறையிலேயே இருப்பார், மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட வருவதைத் தவிர ஆபீசுக்குள் வரமாட்டார்.

"சார், கையை வெளிய எடுங்க. நான் போறேன்."

பூதலிங்கம் கட்டை அவிழ்த்தார். காரணம் இல்லாமல் அப்படி மாற்ற முடியாது, ஆர்பிட்ரரிலின்னு எழுதி மறுபடியும் ரத்து பண்ணிருவான் என்றார்.

"காரணம் இருக்கு சார்" என்றார் நயினார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "தொட்டி மேல நின்னா ஊரே தெரியும். தெருக்குழாயில தண்ணி பிடிச்சிட்டு எல்லாரும் குடத்தத் தூக்கிட்டுப் போயிருவாங்க, குழாய் அது பாட்டுக்கு ஓடும். டைப்பிஸ்ட்டம்மா ஆபீசுக்கு வார வழியில ஏழு குழாய் இருக்கு. ஏழையும் நின்னு மூடிட்டு வருவாங்க. மழையில குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னும் மூடுவாங்க. பதினோரு வருசமாப் பாக்கேன் சார். யாரும் பாக்கலன்னு நினைச்சுதான் மூடுதாங்க. இவங்க போயிட்டா இந்த ஊருல குழாய மூட ஆள் கிடையாது."

வேலம்மாள் தன் கால் விரலைப் பார்த்தாள். ஏழு குழாய் என்பது ஜெபக்கனிக்கே தெரியாது, அவள் எண்ணியதில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் கை தானாகப் போகும், அவ்வளவுதான். பூதலிங்கம் வெகு நேரம் யோசித்துவிட்டு, எழுதுங்கம்மா என்றார். ஆணையைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் அவள்தானே. பணியாளர் பெயர் ஆறுமுகநயினார், பணியிடம் மலை, என்று அடித்து முடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுக்கு எழுத்துகள் கலங்கின. நயினார் சொன்னதைச் சொன்னபடியே, ஏழு குழாயையும் மழையையும் குடையையும் விடாமல் அடித்தாள். அந்த ஆபீசிலிருந்து மேலே போன தாள்களில் காரணத்தைச் சுருக்காமல் எழுதிய தாள் அது ஒன்றுதான். மேல் அலுவலகம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

வரித்தண்டலருக்கு மோட்டார் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸுக்கு நயினார் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றார். ஜெபக்கனி எட்டு இட்லியை இலையில் கட்டிக்கொண்டு போயிருந்தாள். கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். பஸ் வந்து, டிரைவர் டீ குடிக்கப் போனார்.

"பதினோரு வருசத்துல ஒரு நாள் கீழ இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"என்ன காரியமா வந்தீங்கன்னு கேட்டிருப்பீங்க. குழாய மூடுதீங்கன்னு சொல்ல வந்தேன்னா சிரிச்சிருப்பீங்க."

"சிரிச்சிருக்க மாட்டேன்."

அவர் பெட்டியின் பிடியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "அது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

டிரைவர் வந்துவிட்டார். நானும் வாரேன் என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. நெஞ்சு வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. ஆயுசில் முதல் முறையாகத் தன்னைத் தெரிந்து ஒருவர் வேண்டும் என்றிருக்கிறார், அந்த ஆளைத்தான் பஸ் ஏற்றிவிட்டு நிற்கிறோம் என்று நினைத்தாள். பஸ் போன பிறகு அழுதாள். பஸ் நிலையத்தில் பழக்கடைக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து, செத்து மிதந்த ஆட்டைக் குளத்திலிருந்து அப்புறப்படுத்துவது யார் என்று பிரச்சினை வந்தது. வாளியை எடுத்தார்கள். சுகாதார ஆய்வாளர் பிரித்துவிட்டு, 'ஆறுமுகநயினார்' என்று வாசித்துவிட்டு, யாரது என்று கேட்டார். நயினார் என்றும் மோட்டார்க்காரர் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கு முழுப்பெயர் மறந்திருந்தது. வாளியைக் கவிழ்த்தார்கள், எல்லாச் சீட்டிலும் அதே பெயர். ஆடு அழுகி நாறத் தொடங்கியது. ஆட்டை எடுக்க ஆளை மலையிலிருந்து வரவழைக்கவா முடியும்? இன்னும் மூன்று தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சத்தம் போட்டார்கள், நீ ஏன், நான் ஏன் என்று கேட்டார்கள், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வேண்டாத வேலை ஒன்றுக்கு ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிச் சண்டை போட்டு, இருட்டுவதற்குள் ஆட்டை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வாளி எதற்கும் ஆகாமல் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது.

அதை ஜெபக்கனி கேட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, காப்பி போட்டுக் குடித்துவிட்டு, பழைய தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதுகிறாள். மடித்து வாளியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுக்கிறாள். பிரித்தால் ஆறுமுகநயினார் என்று இருக்கிறது, அவள் கையெழுத்தில்.